புகைவண்டி ஓட்டிப் பார்க்க வேண்டுமா? கட்டத்தாளில் சக்கை விட்டுச் செல்லும் வடிவங்களுக்கு ஒரு வழிகாட்டி

சென்னிமலையில் எங்கள் வீட்டில் கிராஃப் தாளுக்குப் பஞ்சம் இருந்ததே இல்லை. அப்பா பெட்ஷீட்டுக்கு ஜக்கார்டு டிசைன் போடுகிறவர். பாதி நிரப்பிய தாள்கள் திண்ணையிலும் மேசையிலும் எப்போதும் கிடக்கும். அந்தத் தாள்களின் பின்பக்கத்தில்தான் நான் கட்டங்கள் விதிப்படி பிறந்து சாகும் கேம் ஆஃப் லைஃப் என்ற விளையாட்டைப் போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். கிளைடர் என்ற நகரும் சிறு உருவம் ஒரே சாயங்காலத்தில் கைக்கு வந்துவிட்டது. புகைவண்டிக்கு மூன்று மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம், யாராவது முன்பே சொல்லியிருந்தால் மிச்சமாகியிருக்கும் நேரம். அந்த இரண்டு மாதத்தை நீங்களும் இழக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில் பெயர். ஆங்கிலத்தில் இதற்குப் பஃபர் என்றும் பஃபர் டிரெயின் என்றும் பெயர். இப்படிக் கட்டங்கள் விதிப்படி மாறும் விளையாட்டுகளுக்குச் செல்லுலார் ஆட்டோமேட்டா என்று பெயர், விதியை எல்லாக் கட்டங்களுக்கும் ஒருமுறை போட்டால் ஒரு தலைமுறை. அதில் ஒரு வடிவம் நகர்ந்துகொண்டே போகிறது. குறிப்பிட்ட தலைமுறைகளுக்கு ஒருமுறை அதன் எஞ்சின், அதாவது முன்னே ஓடும் பகுதி, பழைய உருவத்துக்கே திரும்பி வருகிறது. ஆனால் போன வழியெல்லாம் எதையோ போட்டுவிட்டுப் போகிறது. அதைத்தான் சக்கை என்கிறேன். கிளைடர் போன்ற விண்கலங்கள் தடயமே விடாமல் போய்விடும். பஃபர் அப்படிப் போகாது. நம் தாத்தா காலத்துச் சொல்லான புகைவண்டி இதற்கு அச்சாகப் பொருந்துகிறது என்பதால் அதையே வைத்துக்கொள்கிறேன். தமிழில் ‘பஃபர்’ என்று அடித்துத் தேடினால் கணினி நினைவகம் பற்றித்தான் வரும். ஆங்கில எழுத்தில், பின்னால் டிரெயினையும் சேர்த்துத் தேடுங்கள் (puffer train).

விதி தெரியாதவர்களுக்கு மூன்று வரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் சுற்றிலும் எட்டு அண்டைக் கட்டங்கள். உயிருள்ள கட்டத்தைச் சுற்றி 2 அல்லது 3 உயிர்கள் இருந்தால் அது அடுத்த தலைமுறைக்குப் பிழைக்கும், இல்லையென்றால் சாகும். காலிக் கட்டத்தைச் சுற்றிச் சரியாக 3 இருந்தால் அங்கே புதிதாகப் பிறக்கும்.

1. கையில் என்ன வேண்டும், எவ்வளவு ஆகும்

ஒரு கிராஃப் நோட்டு, பென்சில், நல்ல ரப்பர். இது போதும் முதல் வாரத்துக்கு. ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். மில்லிமீட்டர் கிராஃப் தாள் வாங்காதீர்கள், கண் போய்விடும். ஐந்து மில்லிமீட்டர் கட்டம் போட்ட கணக்கு நோட்டே நல்லது.

கணினிக்குக் கோலி (Golly) என்ற மென்பொருள். ஆண்ட்ரூ டிரெவொரோ, டாமஸ் ரோகிக்கி ஆகியோர் உருவாக்கியது. இலவசம், மூலநிரலும் திறந்தது. விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பழைய கணினியே போதும். யாராவது இதற்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.

நேரக்கணக்கு: கையால் பழக இரண்டு மூன்று நாள், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். கணினியில் முதல் புகைவண்டியை ஓட்ட அரை மணி. அதன் சக்கையை ஒழுங்காக அளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை. மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளைப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பது மணிக்குக் கரண்டு போய், சேமிக்காத வடிவம் ஒன்று என்னிடமிருந்து போனது. அதைத் திரும்பக் கட்ட எனக்கு நான்கு நாள் ஆனது.

2. முதலில் கையால் சில தலைமுறைகள்

இதைத் தாண்டிக் குதிக்க எல்லோருக்கும் ஆசை வரும். குதிக்காதீர்கள். கையால் போட்டவர்களுக்குத்தான் பின்னால் எங்கே பிழை என்று கண் சொல்லும்.

ஐந்து கட்டக் கிளைடரை (மூன்று வரிசை: நடுவில் ஒன்று, அதன் கீழே வலது ஓரம் ஒன்று, அடியில் மூன்றும்) வரைந்து நான்கு தலைமுறை போடுங்கள். மூலைவாட்டில் ஒரு கட்டம் தள்ளி அதே உருவம் வர வேண்டும். வரவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: பழைய தாளிலேயே அழித்து எழுதியிருப்பீர்கள். ஒரு கட்டத்தை அழித்ததும் பக்கத்துக் கட்டத்தின் எண்ணிக்கை மாறிவிடுகிறது, அதற்கப்புறம் எல்லாமே தப்பு. எண்ணுவது பழைய தாளில், வரைவது புதிய தாளில். தாள் செலவைப் பார்த்து நான் இதை மூன்று வாரம் ஒரே தாளில் செய்துகொண்டிருந்தேன்.

அப்பாதான் அதைக் கவனித்தார். “கண்ணு, டிசைன்ல ஒரு கட்டம் தப்புனா ரிப்பீட்டு வர்ற எடத்துலயெல்லாம் அந்தத் தப்பு வரும். அழிச்சு அழிச்சுப் போட்டா எது மொதல்ல இருந்துச்சுன்னு உனக்கே தெரியாது. தாளை மாத்து” என்றார். விளையாட்டின் விதி அவருக்குத் தெரியாது. கட்டத்தாளின் ஒழுங்கு தெரியும்.

3. வடிவத்தை வரையுங்கள்

பழக ஏற்றது பில் காஸ்பர் 1971-இல் கண்டுபிடித்த புகைவண்டி. இரண்டு பக்கமும் இரண்டு சிறிய விண்கலங்கள் காவலுக்கு ஓடும். இவற்றுக்கு லைட்வெயிட் விண்கலம் என்று பெயர். நடுவில் பி-ஹெப்டோமினோ என்ற ஏழு கட்ட உருவம் கொதித்துக்கொண்டே வரும் (தொடக்கத்தில் ஆறு கட்டம்தான், ஒரு தலைமுறையில் ஏழாகும்). தொடக்க நிலை இதுதான். கறுப்பு உயிர், வெள்ளை காலி.

□■■■□□□□□□□□□□□■■■
■□□■□□□□□□□□□□■□□■
□□□■□□□□■■■□□□□□□■
□□□■□□□□■□□■□□□□□■
□□■□□□□■□□□□□□□□■□

அகலம் 18, உயரம் 5. மேல்நோக்கி ஓடும்.

வரைந்ததும் வரிசைவாரியாக எண்ணுங்கள்: 6, 4, 5, 4, 3. மொத்தம் 22. இந்தக் கூட்டல் சரியாக வராமல் மேலே போகவே கூடாது. அப்புறம் நடு உருவம் சரியான இடத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். இடது கலத்துக்கும் நடு உருவத்துக்கும் இடையே மூன்று காலி நெடுவரிசை, நடு உருவத்துக்கும் வலது கலத்துக்கும் இடையே இரண்டு. நான் இரண்டு பக்கமும் சமமாக இருக்க வேண்டும் என்று நினைத்து நடு உருவத்தை நகர்த்தி வைத்தேன். வண்டி கொஞ்ச தூரம் போய்ச் சிதறிவிட்டது. இரண்டு கலங்களும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாகவும் இருக்காது, இரண்டும் ஒரே கைப்பக்கம் பார்த்தவை. கண் சமச்சீரைத் தேடும், அதற்கு இடம் கொடுக்காதீர்கள்.

இன்னொரு குழப்பமும் வரும். லைட்வெயிட் விண்கலத்தை ஏற்கெனவே தெரிந்தவர்கள், அதற்கு 9 கட்டம் ஆயிற்றே, இங்கே 8 தானே இருக்கிறது என்று கேட்பார்கள். கீழ் வரிசையில் ஒவ்வொரு கலத்துக்கும் இடது ஓரம் ஒரு கட்டம் குறைகிறது, உண்மைதான். அந்தக் கட்டத்தைத் தொட்டுக்கொண்டு உயிர் எதுவும் இல்லை, அதனால் அது அடுத்த தலைமுறையில் செத்துவிடும். அதனால் புதிதாக எதுவும் பிறக்கவும் செய்யாது. அதை வைத்தாலும் வைக்காவிட்டாலும் முதல் தலைமுறை ஒன்றேதான். கையால் போட்டு ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள், விதி மனதில் நன்றாகப் பதியும்.

இப்போது ஒரே ஒரு தலைமுறை கையால் போடுங்கள். இரண்டு கலங்களும் தலா 12 ஆகும், நடு உருவம் 7 ஆகும். மொத்தம் 31. இந்த 31 வந்துவிட்டால் உங்கள் வரைபடம் சரி. வராவிட்டால் எங்கே 12 வரவில்லை, எங்கே 7 வரவில்லை என்று பார்த்தால் பிழை இருக்கும் இடம் தெரிந்துவிடும். கணினியில் உள்ளிட்ட பிறகும் இதே சோதனைதான்: ஒரு அடி முன்னே தள்ளி, திரையில் எண்ணிக்கை 31 காட்டுகிறதா என்று பாருங்கள்.

காவல் கலங்கள் எதற்கு என்று சந்தேகம் வந்தால், நடு உருவத்தை மட்டும் தனியாக ஓட்டிப் பாருங்கள். பி-ஹெப்டோமினோ 148 தலைமுறையில் அடங்கிவிடும். மூன்று பிளாக், ஒரு ஷிப், இரண்டு கிளைடர் மிஞ்சும். பிளாக் என்றால் நான்கு கட்டச் சதுரம், அசையாது. ஷிப்பும் அசையாத ஒரு சிறு உருவம்தான், பெயரைப் பார்த்து விண்கலம் என்று நினைக்க வேண்டாம். தனியாக விட்டால் அடங்கிப்போகிற அந்தக் கொதிப்பை இரண்டு பக்கக் கலங்களும் முன்னோக்கி ஓட வைக்கின்றன. ஏர் பிடிப்பவர் இல்லாத எருது மாதிரி இருந்தது, நேராக உழ ஆரம்பிக்கிறது.

4. கணினியில் ஓட்டுங்கள்

இங்கேதான் அதிகமானவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். செல்போனில் கிடைக்கும் சின்னச் சின்னச் செயலிகளில் பலகைக்கு எல்லை உண்டு. பலவற்றில் மேலே போனால் கீழே வரும்படி ஓரங்களை ஒட்டியிருப்பார்கள். நம் வண்டி இரண்டு தலைமுறைக்கு ஒரு கட்டம் வீதம் ஓடுகிறது. தலைமுறைக்கு ஒரு கட்டம் என்ற வேகத்தைச் சி என்பார்கள், ஆகவே இது சி/2. நூறு வரிசை உள்ள பலகையில் இருநூறு தலைமுறைக்குள் சுற்றி வந்து தன் சக்கையிலேயே மோதிச் சிதறிவிடும். வடிவம் தவறு என்று நினைத்து நான் ஒரு வாரம் வரைபடத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். தவறு பலகையில் இருந்தது. கோலியில் தளம் இயல்பாகவே எல்லையற்றது, அதை மாற்றாமல் விடுங்கள்.

கட்டம் கட்டமாகச் சுட்டியால் வரையலாம், 22 தானே. வரைந்ததும் சேமித்துவிட்டு ஓட்டுங்கள். ஸ்பேஸ் பொத்தான் ஒரு தலைமுறை தள்ளும். என்டர் ஓடவிடும், மறுபடி அழுத்தினால் நிற்கும். எஃப் அழுத்தினால் முழு வடிவமும் திரைக்குள் அடங்கும். மேலே தலைமுறை எண்ணும் உயிர் எண்ணிக்கையும் எப்போதும் தெரியும். இந்த இரண்டு எண்களும்தான் நமக்கு எல்லாம்.

கணக்கிடும் முறை இரண்டு மூன்று உண்டு. தொடக்கத்துக்குக் குவிக்லைஃப் வைத்துக்கொள்ளுங்கள். ஹாஷ்லைஃப் என்பது காஸ்பரே கண்டுபிடித்த உத்தி. திரும்பத் திரும்ப வரும் துண்டுகளை நினைவில் வைத்துக்கொண்டு தாவும். சக்கை ஒழுங்குக்கு வந்த பிறகு அது இலட்சக்கணக்கான தலைமுறைகளைச் சொடுக்கில் தாண்டிவிடும். ஆனால் தொடக்கக் குழப்பத்தில் திணறும், நினைவகத்தையும் நிரப்பும். அதனால் முதலில் குவிக், பிறகு ஹாஷ்.

5. சக்கை அடங்கும் வரை பொறுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள்.

எஞ்சினைப் பார்த்துவிட்டு, வண்டி ஓடுகிறது, அவ்வளவுதான் என்று எழுந்துவிடுகிறோம். எஞ்சின் சீக்கிரம் ஒழுங்குக்கு வந்துவிடுகிறது. பின்னால் விழும் சக்கை அப்படி வருவதில்லை. அது விழுந்த பிறகும் எரிகிறது, முன்பு விழுந்ததோடு மோதுகிறது, புதிதாக வெடிக்கிறது, கிளைடர்களைக் கக்குகிறது. காஸ்பரின் இந்த வண்டியில் வால்பகுதி அடங்கி ஒழுங்காவது 5533-ஆம் தலைமுறையில்தான். அதுவரை நீங்கள் எடுக்கும் எந்த அளவும் வீண்.

வினாடிக்கு 20 தலைமுறை ஓடினால் இதற்கு நாலரை நிமிடம் போதும். அவசரப்பட வேண்டிய நேரமே இல்லை. ஆனால் ஆயிரத்தைத் தாண்டியதும் எல்லாம் அடங்கிவிட்டது போல ஒரு தோற்றம் வரும். நான் 2000-இல் நிறுத்தி அளந்து, மூன்று நாள் அந்த அளவை நம்பிக்கொண்டிருந்தேன்.

5533 தலைமுறையில் எஞ்சின் கிட்டத்தட்ட 2766 கட்டம் மேலே போயிருக்கும். ஐந்து மில்லிமீட்டர் கட்ட நோட்டில் வரைவதாக இருந்தால் இது 13 மீட்டர் 83 சென்டிமீட்டர் நீளத் தாள். எங்கள் ஊர் நூறு அங்குலப் பெட்ஷீட்டுகளை நீளவாக்கில் ஐந்து விரித்தாலும் போதாது. கையால் இதை முடிக்க முயல வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தக் கணக்கு.

ஏன் சக்கை எஞ்சினைத் துரத்திப் பிடித்து அழிப்பதில்லை என்று கேட்கலாம். கிளைடரின் வேகம் மூலைவாட்டில் சி/4. சி/2-இல் ஓடும் எஞ்சினை அது பின்னாலிருந்து பிடிக்க முடியாது. மெதுவாக ஓடும் வண்டிகளுக்குத்தான் இந்த ஆபத்து. அடுத்த பகுதியில் வரும் ஸ்விட்ச் எஞ்சின் அப்படி ஒன்று.

6. சுழற்சியை அளப்பது

அடங்கிய பிறகு இந்த வண்டியின் சுழற்சி 140 தலைமுறை. இதை நம்பாமல் நீங்களே அளந்து பாருங்கள். இரண்டு வழி உண்டு.

முதல் வழி எண்ணிக்கை. 6000-ஆம் தலைமுறையில் உயிர் எண்ணிக்கையைக் குறியுங்கள். பிறகு 6140, 6280, 6420. அடுத்தடுத்த எண்களின் வித்தியாசம் மூன்று முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். கோலியில் அடிப்படைத் தாவலின் அளவை மாற்றும் வசதி கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அங்கே 140 கொடுத்து, வேகத்தை ஒரு படி கூட்டிவிட்டால் டேப் பொத்தானை அழுத்தி அழுத்தி எழுதிக்கொள்ளலாம்.

இரண்டாம் வழி அப்பா சொன்னது. ஒரு நாள் சாயங்காலம் திரையை எட்டிப் பார்த்தவர், நான் எண்களோடு மல்லுக்கட்டுவதைக் கண்டு, “ரிப்பீட்டு எங்க ஆரம்பிக்குதுன்னு தேடாத. ஏதாச்சும் ஒரு பூவைப் புடி. அதே பூ மறுபடி எங்க வருதுன்னு பாரு. அவ்வளவுதான் ரிப்பீட்டு” என்றார். துணியில் அவர் செய்வது அதைத்தான். திரையை உருட்டிச் சக்கைத் தடத்தின் மேல்பாதிக்குப் போனோம். நெருக்கமாக நிற்கும் இரண்டு மூன்று உருவங்களின் சேர்க்கை ஒன்றைப் பிடித்தார். விரலை அப்படியே திரையில் மேலே நகர்த்திக்கொண்டு போய், அதே சேர்க்கை வந்த இடத்தில் நிறுத்தினார். இடைவெளியை நான் கட்டம் கட்டமாக எண்ணினேன். 70. வேகம் சி/2, ஆகவே 70 கட்டம் போக 140 தலைமுறை. எண்ணிக்கைப் பட்டியலைத் தொடாமலே அதே விடை.

இந்த வழியில் இரண்டு எச்சரிக்கை. எஞ்சினுக்கு மிக அருகில் பூவைப் பிடிக்காதீர்கள், அது இன்னும் எரிந்துகொண்டிருக்கும். தடத்தின் அடிப்பகுதியிலும் பிடிக்காதீர்கள், அது ஒழுங்குக்கு வருமுன் விழுந்த சக்கை. அதில் ரிப்பீட்டே கிடையாது.

எண்ணிக்கை வழியிலும் ஒரு கண்ணி உண்டு. அதைக் காட்ட வேறொரு வண்டி தேவை. இந்தப் பத்துக் கட்டத்தை வரையுங்கள். பால் கலஹன் கண்டுபிடித்தது.

□□□□□□■□
□□□□■□■■
□□□□■□■□
□□□□■□□□
□□■□□□□□
■□■□□□□□

பத்துக்கும் குறைவான கட்டங்களில் தொடங்கி முடிவில்லாமல் வளரும் வடிவம் லைஃபில் எதுவும் இல்லை. இது சிறிது நேரம் கொதித்துவிட்டு, பிளாக்குகளைப் போட்டபடி மூலைவாட்டில் நகரும் ஸ்விட்ச் எஞ்சினாக மாறும். ஸ்விட்ச் எஞ்சினைச் சார்லஸ் கார்டர்மன் 1971-இல் கண்டார். வேகம் சி/12 தான், கிளைடரைவிட மிக மெதுவு. தனியாக விட்டால் அதன் சக்கையே அதை அழித்துவிடும். சரியான சக்கை சரியான இடத்தில் விழுந்திருந்தால் மட்டும் தப்பித்து என்றென்றைக்கும் ஓடும். இந்த வடிவத்தில் அந்த ஏற்பாடு தானாகவே அமைந்துவிடுகிறது.

சில ஆயிரம் தலைமுறை ஓடவிட்டு, 144 தலைமுறைக்கு ஒருமுறை எண்ணிக்கை எடுங்கள். ஒவ்வொரு முறையும் சரியாக 16 கூடும். ஆக, சுழற்சி 144 என்று எழுதிவிடத் தோன்றும். தவறு. 144-இல் எஞ்சின் கண்ணாடியில் பார்த்தது போலத் திரும்பி நிற்கிறது. எண்ணிக்கைக்கு இடது வலது தெரியாது, அதனால் அது ஒத்துப்போகிறது. உண்மையான சுழற்சி 288. அந்த 288-இல் எஞ்சின் நெடுக்கிலும் பக்கவாட்டிலும் தலா 24 கட்டம் நகர்ந்திருக்கும், 8 பிளாக் போட்டிருக்கும், அதாவது 32 உயிர். ஆகவே எண்ணிக்கை ஒத்துப்போனதும் எஞ்சினின் உருவத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். எண், உருவம், இரண்டும் சேர்ந்தால்தான் கையெழுத்துப் போடலாம்.

இன்னும் ஒரு கண்ணி, சிறியதுதான். தாவல் அளவு இரட்டைப்படையாக இருந்தால் பிளிங்கர்கள் அசையாமல் நிற்பது போலத் தெரியும். பிளிங்கர் என்பது மூன்று கட்டக் கோடு. ஒரு தலைமுறை கிடையாக, அடுத்தது நெடுக்காக மாறும். இரண்டிரண்டாகத் தாவினால் மாற்றம் கண்ணில் படாது. சக்கையில் எது அசையாதது, எது துடிக்கிறது என்று வகைப்படுத்தும்போது ஒவ்வொரு தலைமுறையாகத் தள்ளிப் பாருங்கள்.

கட்டம் வரைவதே சலிப்பு என்பவர்களுக்கு ஒரே வரிசையில் அடங்கும் வடிவம் ஒன்று உண்டு, இதுவும் கலஹன் தந்தது. 8 உயிர், 1 காலி, 5 உயிர், 3 காலி, 3 உயிர், 6 காலி, 7 உயிர், 1 காலி, 5 உயிர். நீளம் 39, உயிர் 28. ஒரு கோடுதான். அதிலிருந்து பிளாக் போடும் ஸ்விட்ச் எஞ்சின்கள் இரண்டு கிளம்பும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. கரும்பலகையில் ஒரே வரியில் எழுதிப் போட்டுவிடலாம்.

7. எதையெல்லாம் பதிந்து வைக்க வேண்டும்

இதில் கஞ்சத்தனம் வேண்டாம். ஒவ்வொரு வண்டிக்கும் நான் வைத்திருப்பவை இவை.

தொடக்க நிலைக் கோப்பு, பூச்சியத் தலைமுறையில் சேமித்தது. ஓடிய பிறகு சேமித்தால் தொடக்கம் போய்விடும். இது பலருக்கு நடக்கிறது. ஆர்எல்ஈ என்ற வடிவில் சேமியுங்கள். எழுத்துக் கோப்புதான், சில கிலோபைட்டுக்கு மேல் போகாது. அதில் ஆங்கில எழுத்து ‘பி’ காலிக் கட்டம், ‘ஓ’ உயிர், டாலர் குறி வரிசையின் முடிவு, ஆச்சரியக்குறி மொத்தத்தின் முடிவு. எழுத்துக்கு முன் எண் இருந்தால் அத்தனை முறை. முதல் வரியில் அகலம், உயரம், விதி மூன்றும் இருக்கும். விதி இல்லாத கோப்பை யாரிடமும் வாங்காதீர்கள். ஹைலைஃப் என்று ஒன்று இருக்கிறது, அதில் காலிக் கட்டத்தைச் சுற்றி 6 இருந்தாலும் பிறக்கும். விதியில் இருக்கும் வேறுபாடு அது ஒன்றுதான், ஆனால் லைஃப் கோப்பை அதில் ஓட்டினால் நீங்கள் பார்ப்பது வேறு உலகம்.

அளவுத் தாள். தலைமுறை, எண்ணிக்கை, முந்தையதிலிருந்து வித்தியாசம், எஞ்சினின் மேல் விளிம்பு எந்த வரிசையில் என்று நான்கு பத்தி. எந்த மென்பொருள், எந்தக் கணக்கு முறை என்று தலைப்பில் ஒரு வரி.

யார் கண்டுபிடித்தது, எந்த ஆண்டு. ஆர்எல்ஈ கோப்பில் ஹாஷ் குறி போட்டுத் தொடங்கும் வரியைக் கணக்கில் எடுக்காது, குறிப்புக்கு அதைப் பயன்படுத்தலாம். பிறர் உழைப்பின் பெயர் கோப்போடு சேர்ந்தே பயணிக்க வேண்டும் என்பதில் எனக்கு உறுதி உண்டு.

கோப்பை அனுப்பும்போது கோப்பாகவே அனுப்புங்கள். அரட்டைச் செயலியில் எழுத்தாக ஒட்டி அனுப்பினால் பாழாகலாம். பழைய வடிவம் ஒன்றில் உயிருக்கு நட்சத்திரக் குறி போடுவார்கள். சில செயலிகள் இரண்டு நட்சத்திரத்துக்கு நடுவில் இருப்பதைத் தடித்த எழுத்தாக்கிவிட்டு நட்சத்திரத்தை விழுங்கிவிடும். ஈரோட்டிலிருந்து தம்பி முறை ஆகிற ஒரு பையன் அனுப்பிய வடிவத்தில் 22-க்குப் பதில் 14 தான் வந்து சேர்ந்தது. வரிசைவாரி எண்ணிக்கையைச் செய்தியோடு சேர்த்து அனுப்பும் பழக்கம் எங்களுக்கு அன்றிலிருந்துதான்.

8. அடுத்து எங்கே போகலாம்

கோலியோடு வரும் வடிவத் தொகுப்பில், லைஃப் என்ற உறையைத் திறந்தால் பஃபர்களுக்கு என்றே தனி உறை இருக்கிறது. அங்கே தொடங்குங்கள். முதலில் பிளிங்கர் பஃபரைப் பாருங்கள். ராபர்ட் வெயின்ரைட் கண்டது, சுழற்சி 8 தான். பின்னால் பிளிங்கர்களை மட்டும் வரிசையாக விட்டுப் போகும், பாவு இழை போல அவ்வளவு சுத்தம். காஸ்பரின் அழுக்கு வண்டிக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பார்த்தால் சுத்தமான வண்டி, அழுக்கு வண்டி என்று ஏன் பிரித்துச் சொல்கிறார்கள் என்பது விளங்கும்.

அதற்கப்புறம் ரேக். சக்கைக்குப் பதிலாகக் கிளைடர் போன்ற விண்கலங்களையே வீசிக்கொண்டு போகும் வண்டி. ஸ்பேஸ் ரேக் என்பது 20 தலைமுறைக்கு ஒரு கிளைடர் வீசும். ரேக்குகளைக் கூட்டமாக ஓட்டி, அவை வீசும் கிளைடர்களை மோதவிட்டால் சக்கைக்குப் பதில், நின்ற இடத்திலிருந்து கிளைடர்களை ஓயாமல் வீசும் கிளைடர் துப்பாக்கிகளே வழியெல்லாம் கட்டப்படும். அதற்கு பிரீடர் என்று பெயர். புகைவண்டியில் எண்ணிக்கை தலைமுறைக்கு ஏற்ப நேர்கோட்டில் கூடும். பிரீடரில் தலைமுறையின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும். ஹாஷ்லைஃபை அதில் போட்டுப் பாருங்கள்.

நீங்களாகவே புதிய வண்டி தேட விரும்பினால், இரண்டு லைட்வெயிட் கலங்களுக்கு நடுவில் சிறு உருவங்களை வெவ்வேறு இடைவெளியில் வைத்து ஓட்டிப் பார்ப்பது எளிய வழி. பெரும்பாலானவை சிதறும். ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒரு வரி நோட்டில் எழுதுங்கள், சிதறியதையும் சேர்த்து. நான் இப்போது அதில்தான் இருக்கிறேன். 41-ஆவது வரியில் நிற்கிறேன். இன்றைக்கு ராத்திரி நடு உருவத்தை ஒரு கட்டம் கீழே இறக்கி 42-ஐ ஓடவிடப் போகிறேன்.